கணக்கு கேட்டவன் துரோகியா?

2025 ஜூலை 9 அன்று ஆந்திராவின் முன்னாள் முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி சித்தூர் மாவட்டம் பங்காருபாளையத்தின் மாங்காய்ச் சந்தைக்கு வந்தார். கூட்டத்திற்குக் காவல்துறை வரம்பு விதித்தது. வரம்பை மீறிக் கூட்டம் வந்தது. பின்னர் வழக்குகளும் வந்தன. சாலையில் மாங்காய்கள் கொட்டிக் கிடந்தன. அது விவசாயிகளின் கொதிப்பு என்றது எதிர்க்கட்சி. திட்டமிட்டு நடத்தப்பட்ட நாடகம் என்றது ஆளும் கூட்டணி. மாங்காயைக் கொட்டியது யார், எந்த டிராக்டர், யார் ஏவியது என்பதைச் சுற்றியே அரசியல் விவாதம் சுழன்றது.

கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறாக இருந்தது. அந்தப் பருவத்தில் கிளிமூக்கு மாங்காய்க்கு, அதாவது தோத்தாபுரிக்கு, கிலோ 12 ரூபாய் கிடைக்கும் என்று மாநில அரசு அறிவித்திருந்தது. மாங்கூழ் ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் மானியமாகத் தரும் என்பது ஏற்பாடு. அந்த 8 ரூபாயைப் பல ஆலைகள் தரவில்லை என்பது விவசாயிகளின் புகார். டோக்கன் வாங்கிக்கொண்டு ஆலை வாசலில் நாட்கணக்கில் டிராக்டரோடு காத்திருந்தவர்களுக்கு, பழம் கனிந்து அழுகத் தொடங்கிய பிறகு பேரம் பேசும் வலிமை எங்கிருந்து வரும்? எந்த ஆலை எத்தனை டன் வாங்கியது, யாருக்கு என்ன விலை தந்தது, முந்தைய ஆண்டின் கூழ் எவ்வளவு கிடங்கில் இருந்தது என்பதெல்லாம் ஆலைகளின் பேரேட்டில் இருக்கின்றன. அந்தப் பேரேட்டைத் திறக்கச் சொல்லி இரு பெரிய முகாம்களிலிருந்தும் உரத்த குரல் எழவில்லை. ஒருவரை ஒருவர் சதிகாரர் என்று அழைப்பதிலேயே பொழுது போயிற்று.

இடையில் இன்னொன்றும் நடந்தது. ஜூன் மாதத்தில் பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்திற்குள் நுழையக் கூடாது என்று தடை போடப்பட்டது. கர்நாடக முதலமைச்சர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். சீனிவாசபுரத்து விவசாயிக்கும் பங்காருபாளையத்து விவசாயிக்கும் இடையே ஒரு எல்லைப்போர் மூட்டிவிடப்பட்டது. ஆலை முதலாளிக்கு இந்தப் போரில் காயமேதும் இல்லை.

உடைமையாளனிடம் கணக்கு கேட்கும் நேரத்தில் விசுவாசம், துரோகம், சதி என்ற சொற்கள் வந்து நடுவில் நிற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பங்காருபாளையத்தின் வழியே கிழக்கு நோக்கிப் போகும் நெடுஞ்சாலை சென்று சேரும் நகரத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் மதில்களுக்குள், ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்கு முன்னால் இதே கூத்து துப்பாக்கிகளோடு நடந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்ட மன்னர் தரப்பும் நாடாளுமன்றத் தரப்பும், அந்தப் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, சென்னைப்பட்டினத்தில் ஒரு முறை மோதிக்கொண்டன. சென்னையின் பழங்கதைகளை எழுதுவோரில் பலர் இதை வெள்ளைக்காரர்களின் சுவையான உட்பூசலாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது அப்படிக் கடந்துபோகத்தக்கதல்ல.

அந்த மோதலைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் போரிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதலாம் சார்லஸ் மன்னனுக்கும் நாடாளுமன்றத்திற்கும் 1642இல் மூண்ட போரை மதப்போர் என்றும், தனிமனித ஆணவங்களின் மோதல் என்றும் எழுதிய புத்தகங்கள் உண்டு. மதம் இருந்தது, ஆணவமும் இருந்தது. ஆனால் மூல வழக்கு வரவு செலவு வழக்கு. நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே மன்னன் கப்பல் வரி வசூலித்தான். ஜான் ஹாம்ப்டன் என்ற நிலவுடைமையாளர் 20 ஷில்லிங் தர மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னனின் பக்கம் நின்றார்கள். 1640இல் அதே மன்னன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கிலிருந்த மிளகை 63,000 பவுனுக்கு மேல் கடனாக வாங்கி, அதை உடனே மலிவாக விற்றுக் காசாக்கிக்கொண்டான். அதற்கு ஐந்தாண்டு முன்பே கம்பெனியின் ஏகபோகத்திற்குப் போட்டியாக இன்னொரு வணிகக் கூட்டத்திற்கு உரிமமும் தந்திருந்தான். கடவுளின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டவனின் கஜானா நிலைமை இது.

போரைத் தீர்மானித்த களம் நேஸ்பி. 1645 ஜூன் 14. மன்னனிடம் ஏறத்தாழ 9,000 பேர். நாடாளுமன்றத்தின் புதிய மாதிரிப் படையில் ஏறத்தாழ 14,000 பேர். மன்னனின் உறவினன் ரூப்பர்ட் இளவரசன் தன் குதிரைப்படையோடு பாய்ந்து எதிரியின் இடது அணியை உடைத்தான். உடைத்தவன் திரும்பவில்லை. பொதிவண்டிகள் நின்ற இடம் வரை துரத்திக்கொண்டு போனான். வலது அணியில் கிராம்வெல்லும் தன் எதிரிலிருந்த குதிரைப்படையை உடைத்தார். ஆனால் முழுப் படையையும் துரத்தவிடாமல் கட்டுப்பாட்டோடு திருப்பி, மன்னனின் காலாட்படையின் விலாவில் மோதினார். ரூப்பர்ட் திரும்பி வந்தபோது போர் முடிந்திருந்தது. பிரபுக்களின் வீரத்திற்கும் ஒழுங்கமைந்த படையின் கட்டுப்பாட்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இந்த ஒரு காலைப் பொழுதைச் சுட்டுவது வழக்கம். அதோடு சேர்த்துச் சொல்லாமல் விடப்படும் செய்தியும் ஒன்று உண்டு. வென்ற படை, மன்னன் முகாமைப் பின்தொடர்ந்து வந்திருந்த பெண்களில் நூறு பேருக்குக் குறையாமல் வெட்டிக் கொன்றது. மற்றவர்களின் முகங்களைச் சிதைத்தது. முற்போக்கான தரப்பு என்பதற்காக இதை மறைத்துப் பேசுவது வரலாற்றுப் பொருள்முதல்வாதம் ஆகாது.

நேஸ்பியில் பிடிபட்ட பொருள்களில் பீரங்கிகளைவிட மதிப்பு மிக்கது ஒரு பெட்டி. மன்னனின் அந்தரங்கக் கடிதங்கள் அதில் இருந்தன. தன் குடிமக்களை அடக்க அயல்நாட்டுப் படைகளை வரவழைக்க அவன் பேரம் பேசிக்கொண்டிருந்தது அவன் கைப்பட எழுதிய எழுத்திலேயே தெரிந்தது. நாடாளுமன்றம் அவற்றை அச்சிட்டு வெளியிட்டது. நாட்டுப்பற்றின் உருவமாக நின்றவனின் பெட்டியைத் திறந்துகாட்டியது களத்தில் பெற்ற வெற்றிக்கு நிகரான இன்னொரு வெற்றி. 1649 ஜனவரி 30 அன்று அவன் தலை வெட்டப்பட்டது.

ஆனால் மன்னனின் பெட்டியைத் திறந்தவர்கள் தங்கள் பெட்டியைத் திறக்கச் சம்மதித்தார்களா? 1647 இலையுதிர்காலத்தில் பட்னி தேவாலயத்தில் படைவீரர்களின் பிரதிநிதிகளும் தளபதிகளும் கூடி விவாதித்தார்கள். இங்கிலாந்தின் கடைசி ஏழைக்கும் தன்னை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று கர்னல் ரெயின்பரோ வாதிட்டார். கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் மறுத்தார். அசையாச் சொத்து உள்ளவனுக்கே நாட்டின் மீது அக்கறை இருக்கும் என்பது அவருடைய வாதம். எல்லோருக்கும் வாக்கு என்றால் எல்லோரும் சேர்ந்து சொத்துரிமையையே ஒழித்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் அஞ்சினார். பயம் நியாயமானதுதான், அவர் வர்க்கத்தின் பார்வையில்! 1649 மே மாதம் கலகம் செய்த சமத்துவவாதி வீரர்களில் மூவர் பர்ஃபோர்டு தேவாலயத்தின் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அதே ஆண்டு பொது நிலத்தைக் கொத்திப் பயிரிட்ட வின்ஸ்டன்லியின் தோழர்கள் அடித்துத் துரத்தப்பட்டார்கள். பட்னியில் வாக்குரிமை விவாதம் நடந்த நேரத்தில் சோழமண்டலக் கரையைக் கொடும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. பசிக்கு மக்கள் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள்.

கம்பெனியோ இரு தரப்போடும் வாழக் கற்றுக்கொண்டது. 1657இல் கிராம்வெல்லிடம் புதிய சாசனம் வாங்கியது. முடியாட்சி மீண்டதும் 1661இல் இரண்டாம் சார்லஸிடம் இன்னும் பெரிய சாசனம் வாங்கியது. போர் தொடுக்கவும் தண்டனை வழங்கவும் அதில் அதிகாரம் இருந்தது. அதன் கோட்டை நின்ற நிலமும் இப்படி வாங்கியதுதான். 1639இல் தாமர்லா வெங்கடாத்திரி நாயக்கர் கொடுத்ததை, அவருக்கு மேலே இருந்த விஜயநகர வாரிசு சீரங்கராயர் 1645இல், நேஸ்பிப் போர் நடந்த அதே ஆண்டில், உறுதிசெய்தார். அவருடைய வம்சத்தின் தலைநகரமாக இருந்த சந்திரகிரி, பங்காருபாளையத்திற்கு வடகிழக்கே, நேற்றுவரை அதே சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். வாங்கியவர்களின் நாட்டில் மன்னராட்சி ஆட்டம் கண்டிருந்த வேளையில், கொடுத்த மன்னனின் நாற்காலியும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே குடியிருந்த மீனவர்களையும் உழவர்களையும் யாரும் கேட்கவில்லை.

இனி 1665. கோட்டையின் ஏஜெண்ட் சர் எட்வர்டு வின்டர். இரண்டாம் சார்லஸிடம் பட்டம் பெற்ற ராஜவிசுவாசி. கம்பெனியின் துணி வணிகத்தோடு தன் சொந்த வணிகத்தையும் கலந்து நடத்துகிறார் என்ற புகார் லண்டனுக்குப் போயிற்று. அது நடக்கும் விதம் எளிது. கம்பெனி முன்பணம் தரும். முதன்மை வணிகர்கள் அதை வாங்கித் தரகர்கள் வழியே நெசவாளிக்குக் கொண்டுபோவார்கள். நெய்த துணி தரம் பார்த்துக் கழிக்கப்பட்டு வரும். ஏஜெண்டும் வணிகரும் கைகோத்தால் கம்பெனிக் கணக்கில் விலை ஏறும், நெசவாளியின் கூலியில் இறங்கும். இடையிலுள்ளது இருவரின் பைக்கும் போகும். வின்டருக்குப் பதிலாகப் பொறுப்பேற்கவும் கணக்கைச் சரிபார்க்கவும் ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற லண்டன் வணிகரைக் கம்பெனி அனுப்பியது. பழைய நாடாளுமன்றத் தரப்பின் வாடை வீசும் மனிதர் அவர். ஜூன் மாதம் வந்து சேர்ந்தார். கணக்கு கேட்கத் தொடங்கினார்.

செப்டம்பரில் பதில் வந்தது. கணக்குக்கு அல்ல. ஃபாக்ஸ்கிராஃப்டும் அவர் மகன் நத்தானியலும் மன்னருக்கு எதிராகப் பேசினார்கள், மன்னரின் நலனைவிடத் தன் சொந்த நலனே பெரிது என்ற பொருளில் பேசினார்கள் என்று ராஜத்துரோகக் குற்றச்சாட்டு எழுந்தது. எங்கே பேசினார்கள்? சாப்பாட்டு மேசையில். கோட்டைப் பாதிரியார் சைமன் ஸ்மைத்ஸ் வின்டருடன் நின்றார். படைத்தலைவன் சூஸ்மனும் நின்றான். ஆயுதந்தாங்கிய கும்பல் ஃபாக்ஸ்கிராஃப்டின் மீது பாய்ந்தது. வில்லியம் டாஸ் என்பவர் கொல்லப்பட்டார். காயமடைந்த தந்தையும் மகனும் சிறையில் தள்ளப்பட்டார்கள். வின்டர் மீண்டும் கோட்டைக்குத் தலைவரானார். மன்னருக்கும் கேன்டர்பரி பேராயருக்கும் அவர் கடிதம் எழுதினார்: விசுவாசத்தின் பேரால் கோட்டையை மீட்டதாக.

மூன்றாண்டுகள் அந்தக் கோட்டை அவர் கையில் இருந்தது. 1668 ஆகஸ்டில் மன்னரின் ஆணையோடு கப்பல்கள் வந்த பிறகே, நிபந்தனைகள் பேசி, இறங்கினார். மன்னரின் பேரால் பிடித்த கோட்டையை மன்னரின் ஆணைக்குத் திருப்பித் தர மூன்றாண்டு! ராஜவிசுவாசத்தின் எடை அவ்வளவுதான். அவருக்குத் தண்டனை ஏதுமில்லை. பட்டினத்திலேயே மேலும் சில ஆண்டுகள் இருந்து சொந்தக் காரியங்களைப் பார்த்துக்கொண்டு 1672இல் ஊர் திரும்பினார். லண்டனின் பேட்டர்சீ தேவாலயத்தில் அவருக்குச் சலவைக்கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் புலியோடு மல்லுக்கட்டியதும், அறுபது குதிரைவீரர்களைத் தனியாக விரட்டியதும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் ஃபாக்ஸ்கிராஃப்ட் மக்களின் மனிதரா? இங்கேதான் சில தோழர்கள் வழுக்கிவிழக்கூடும். மன்னர் தரப்பு பிற்போக்கு, நாடாளுமன்றத் தரப்பு முற்போக்கு என்ற சூத்திரத்தை நேஸ்பியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கோட்டையில் நட முடியாது. ஃபாக்ஸ்கிராஃப்ட் கேட்டது நெசவாளியின் கூலிக் கணக்கை அல்ல. லண்டன் பங்குதாரர்களின் லாபக் கணக்கை. இங்கிலாந்தில் தன் மன்னனின் தலையை வெட்டிய வர்க்கம் இங்கே வந்தபோது அதன் கையிலிருந்தது முன்பணப் பையும் தராசும் மட்டுமே. இதை நிறுவ வேறு சான்று வேண்டுவோர் அதே ஆண்டுகளின் இன்னொரு வழக்கைப் பார்க்கலாம். சென்னைப்பட்டினத்தில் அசென்ஷியா டாஸ் என்ற ஆங்கிலேயப் பெண், தன் வீட்டு அடிமைச் சிறுமியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். லண்டனிலிருந்து அதிகாரம் வரவழைத்து, ஆங்கிலச் சட்டப்படி ஜூரிகள் அமர்த்தி விசாரித்தார்கள். விடுதலை. 1649இல் சமத்துவவாதித் தலைவர் ஜான் லில்பர்னைத் தூக்கிலிடத் துடித்த ஆட்சியை மீறி லண்டன் ஜூரிகள் அவரை விடுவித்தபோது தெருக்களில் மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஜூரி முறை ஒன்றேதான். லண்டனில் அது அரசிடமிருந்து ஏழையின் குரலைக் காத்தது. கறுப்பர் பட்டினத்தின் ஓரத்தில் எஜமானியைக் காத்தது. நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

பாளையக்காரர் கலகத்தையும் இந்தக் கண்ணோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. சித்தூரின் மேற்குப் பாளையங்களில் ஒன்றான பங்காரியும் அதன் அண்டைப் பாளையங்களும் 1804-05இல் கம்பெனிக்கு எதிராக எழுந்து ஒடுக்கப்பட்டன. அந்த எதிர்ப்பு அந்நிய எதிர்ப்பு, அது மதிக்கத்தக்கது. ஆயினும் அது பாளையக்காரரின் காவல் உரிமைக்கும் கப்பத்திற்கும் நடந்த போர். உழுதவன் இரு பக்கமும் செலுத்திக்கொண்டிருந்தான்.

வின்டரின் உத்தி அவரோடு போகவில்லை. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124ஏ புகுந்தது. திலகர் அதில் சிறை சென்றார். தொழிலாளி கணக்கு கேட்டபோது அந்தச் சட்டமும் போதவில்லை, 121ஏ எடுக்கப்பட்டது. மன்னரின் இறைமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது 1924 கான்பூர் வழக்கின் குற்றச்சாட்டு. சென்னையின் சிங்காரவேலரும் அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர். 1929இல் மீரட்டில் அதே பிரிவு, அதே மன்னர். ஆலை முதலாளிகளின் லாபத்தைப் பற்றித் தொழிற்சங்கம் பேசியது. நீதிமன்றத்திலோ ஜார்ஜ் மன்னரின் இறைமையைப் பற்றிப் பேசப்பட்டது. 1665இல் சாப்பாட்டு மேசைப் பேச்சு எதற்குப் பயன்பட்டதோ, அதற்கே இதுவும் பயன்பட்டது.

மன்னர் போனார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124ஏ பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அந்த இடத்தில் நிற்கிறது. ராஜத்துரோகம் என்ற சொல் போயிற்று; இறைமை, ஒற்றுமை, ஒருமைப்பாடு என்ற சொற்கள் வந்தன; தண்டனை ஆயுள் வரை. நடுவே, 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைத் தலைவரின் இருக்கைக்கருகே ஒரு செங்கோல் நாட்டப்பட்டது. வரவு செலவுக்கு மன்னன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு தலையே விழுந்த பிறகு உலகில் வேரூன்றிய நிறுவனத்திற்குள், கணக்குச் சொல்லத் தேவையில்லாத காலத்தின் சின்னம். தமிழர் பெருமை என்று இதைக் கொண்டாடியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. செங்கோல் வளைந்ததா என்று கேட்கும் உரிமை கண்ணகிக்கு இருந்தது. அதைக் கேட்க அவள் சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைக் காட்ட வேண்டியிருந்தது. அவள் வென்றது கண்ணீரால் அல்ல, சான்றால். பாண்டியனின் அவையில் அவளைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

எனவே பங்காருபாளையத்தில் கட்சி எழுப்ப வேண்டிய கோரிக்கை, மாங்காயைக் கொட்டியவன் எந்தக் கட்சிக்காரன் என்ற விசாரணையில் சிக்கிவிடக் கூடாது. பருவம் தொடங்கும் முன்னரே ஆலைவாரியாகக் கையிருப்புக் கூழின் அளவு அறிவிக்கப்பட வேண்டும். பருவம் நடக்கும்போது, ஒவ்வொரு ஆலையும் அன்றன்று வாங்கிய டன், தந்த விலை, கழித்த எடை, பாக்கி வைத்த தொகை ஆகியவை சந்தை வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். அரசின் 4 ரூபாய் எந்தக் கணக்கில் எப்போது சேர்ந்தது என்பதும் அதே பலகையில் வர வேண்டும். இந்தக் கோரிக்கையில் சீனிவாசபுரத்து விவசாயியும் கிருஷ்ணகிரி விவசாயியும் சேர்ந்து நிற்கலாம். அவர்களுடைய மாங்காயும் இதே ஆலைகளின் தராசில்தான் ஏறுகிறது.